வம்சமும் வாழ்நிலமும்: புத்தளக் கரையில் பிள்ளைகள் வளரும் விதம்

மகா ஓயாவின் கழிமுகத்துக்கு வடக்கே தொடங்கி, சிலாபத்தையும் உடப்பையும் கடந்து, ஒரு புறம் கடலும் மறு புறம் உவர்நீர்க் களப்புமாக நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தைத் தழுவிச் செல்லும் புத்தளம் மாவட்டக் கடற்கரையில், எத்தனை தேசங்களிலிருந்து எத்தனை வம்சங்கள் வந்து குடியேறி ஒன்றுக்கொன்று அயலாகிவிட்டன என்று எண்ணிப் பார்ப்பவர்களுக்கு, மனித சுபாவத்தையும் தேகத்தையும் பற்றி ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் வேறொன்று உண்டா என்று தோன்றும். 1344-ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பிரயாணி இபுன் பதூதா வந்திறங்கிய கரை இது. இராமேசுவரத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் பூர்வீகத்தைச் சொல்லிக்கொண்டு திரௌபதி அம்மனுக்குத் தீமிதித் திருவிழா எடுக்கும் உடப்புத் தமிழர்களும், அரபு வணிகரோடு தங்கள் முன்னோர்க்கு இருந்த சம்பந்தத்தை நினைவில் வைத்திருக்கும் முஸ்லிம்களும், தமிழையும் சிங்களத்தையும் ஒருங்கே பழகிய கத்தோலிக்க மீனவர்களும், அந்நியர் ஆட்சிக் காலங்களில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களாகச் சிராம்பியடியில் வாழும் சிறு சமூகத்தினரும், 1990-இல் வடக்கிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் இன்று ஒரே சந்தையில் மீன் வாங்குகிறார்கள். ஒரே வைத்தியசாலையில் பிள்ளை பெறுகிறார்கள்.

அவ்வாறு பெற்ற பிள்ளையை மாதந்தோறும் கிளினிக்குக்குத் தூக்கிச் செல்லும் தாயின் கையில், ஆண் பிள்ளையாயின் நீல நிறத்திலும் பெண் பிள்ளையாயின் இளஞ்சிவப்பு நிறத்திலும் ஒரு சுகாதாரப் பதிவேடு இருக்கிறது. மருத்துவ மாது பிள்ளையை நிறுத்து, அளந்து, அந்தப் பதிவேட்டின் வரைபடத்தில் ஒரு புள்ளி இடுகிறார். அந்த வரைபடத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு கோடு, முஸ்லிம் பிள்ளைக்கு ஒரு கோடு, மீனவர் பிள்ளைக்கு ஒரு கோடு, உத்தியோகத்தர் பிள்ளைக்கு ஒரு கோடு என்ற பேதம் கிடையாது. எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே கோட்டோடு ஒப்பிடப்படுகிறார்கள். புள்ளி அந்தக் கோட்டுக்கு மிகவும் கீழே விழும்போது, கிளினிக்கில் வழக்கமாகக் கேட்கும் சமாதானம் ஒன்று உண்டு: “வாப்பாவும் உம்மாவும் கட்டைதானே, பிள்ளை மட்டும் எப்படி நெடுத்து வளரும்?”

இந்தச் சமாதானத்தில் ஒரு பாதி உண்மை. மறு பாதி பெரும் பிழை. உண்மையான பாதியை மறுப்பவர் விஞ்ஞானத்தை மறுப்பவராவார். பிழையான பாதியை ஒப்புக்கொள்பவரோ, பசியாலும் நோயாலும் அசுத்த நீராலும் விளைந்த குறையை வம்சத்தின் கணக்கில் எழுதிவிட்டு, தம் கடமையிலிருந்து விலகிக்கொள்பவராவார். ஆகவே இரண்டையும் பிரித்தறிவது அவசியம்.

வம்சம் கொடுப்பது

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று நம்மவர் நெடுங்காலமாகச் சொல்லிவருவதை, ஐரோப்பாவில் முதன்முதல் கணக்கிட்டுக் காட்டியவர்களுள் ஒருவர் பிரான்சிஸ் கால்டன். பெற்றோரின் உயரத்தையும் வளர்ந்த பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு அவர் 1886-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நெடியவர்களின் பிள்ளைகள் பொதுவாக நெடியவர்களாகவும், ஆயினும் பெற்றோரைவிடச் சராசரிக்குச் சற்று நெருங்கியவர்களாகவும் இருப்பது தெரியவந்தது. ஒரே ஓர் அம்சத்தால் அன்றி, சிறிது சிறிதாகப் பயன் தரும் அநேக அம்சங்கள் கூடி உயரத்தை நிர்ணயிக்கின்றன என்று 1918-இல் ரொனால்ட் பிஷர் கணிதத்தால் நிறுவினார். அது எவ்வளவு சரி என்பது ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே பிரத்தியட்சமாயிற்று: ஐம்பது இலட்சத்துக்கும் அதிகமான மனிதரின் மரபணுக்களை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, உயரத்தோடு சம்பந்தமுள்ள இடங்கள் மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 12,000 இருப்பதாகக் கண்டறிந்தது.

இந்த இடங்களுள் பல, எலும்பின் நுனிக்கு அருகில் இருக்கும் வளர்ச்சித் தட்டு என்னும் மெல்லிய குருத்தெலும்புப் படலத்தோடு தொடர்புடைய மரபணுக்களின் அருகே அமைந்திருக்கின்றன. அந்தத் தட்டிலுள்ள உயிரணுக்கள் பெருகி, வீங்கி, பின்னர் எலும்பாக இறுகும்போதுதான் பிள்ளை நெடுக்கிறது. அப்படிப் பெருகுமாறு கட்டளையிடுவன பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வரும் வளர்ச்சி ஹோர்மோனும், அதன் ஏவலால் ஈரல் சுரக்கும் இன்சுலின் போன்ற இன்னொரு பொருளும், தைரொயிட் சுரப்பியின் ஹோர்மோனுமாகும். கட்டளையைப் பிறப்பிக்கும் விதம் மரபணுவில் எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் உடலில் ஆகாரம் குறைந்தாலோ, நோய்க்கிருமியோடு உடல் போராட நேர்ந்தாலோ, ஈரல் அந்தப் பொருளைச் சுரப்பதைக் குறைத்துவிடுகிறது. வளர்ச்சித் தட்டும் தன் வேலையை மந்தப்படுத்திவிடுகிறது. வம்சமும் வாழ்நிலமும் தனித்தனியே நின்று பாதிப் பாதியாக வளர்ச்சியைப் பங்கிட்டுக்கொள்ளவில்லை. ஒரே தட்டில், ஒரே உயிரணுவில், ஒரே வேளையில் இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

நூற்றுக்கு எண்பது என்ற கணக்கு

வளர்ந்த மனிதரிடையே காணப்படும் உயர வேறுபாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பங்கு பரம்பரையால் வருவது என்று இரட்டையர்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சிகள் சொல்கின்றன. இதைக் கேட்டவுடன், மிஞ்சிய இருபது பங்குக்காக இவ்வளவு பாடுபடுவானேன் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு, பெரும்பாலும் ஒத்த வசதியில் வாழும் மக்களிடையே ஒருவருக்கும் மற்றொருவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றியதேயன்றி, அந்த மக்கள் எல்லோரும் சேர்ந்து எவ்வளவு உயரத்தை எட்டமுடியும் என்பதைப் பற்றியதன்று. எல்லோரும் வயிறார உண்ணும் ஊரில், உயரத்தில் வித்தியாசம் ஏற்படப் பரம்பரையைத் தவிர வேறு காரணம் அதிகம் மிஞ்சுவதில்லை. அதனாலேயே அங்கே பரம்பரையின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. இருபது நாடுகளின் இரட்டையர்களைக் கொண்டு 2016-இல் வெளியான ஆராய்ச்சியோ, ஒரே வீட்டில் வளர்வதால் வரும் சூழலின் செல்வாக்கு பால்யத்தில்தான் மிகுதி என்று காட்டிற்று.

தென் கொரியாவில் 1896-இல் பிறந்த பெண்களைவிட 1996-இல் பிறந்த பெண்கள் சராசரியாக 20 சென்றிமீற்றர் உயர்ந்திருக்கிறார்கள். நான்கைந்து தலைமுறைகளில் ஒரு தேசத்தின் மரபணுக்கள் அவ்வளவு மாறிவிட இயலாது. மாறியவை உணவும், நீரும், வைத்தியமும், வாழ்வின் பாதுகாப்புமே. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில் மிகக் குட்டையானவர்கள் என்று பெயர்பெற்ற மாயா இனத்தவரின் பிள்ளைகள், பெற்றோரோடு ஐக்கிய அமெரிக்காவுக்குப் பெயர்ந்து அங்கே வளர்ந்தபோது, தாயகத்தில் வளர்ந்த அதே இனத்துப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ 10 சென்றிமீற்றர் உயர்ந்து நின்றதை மானிடவியலார் அளந்து காட்டினர்.

கிளினிக் பதிவேட்டில் எல்லோருக்கும் ஒரே கோடு வரையப்பட்டதன் நியாயமும் இங்கேதான் இருக்கிறது. 1997-க்கும் 2003-க்கும் இடையில் உலக சுகாதார நிறுவனம் பிரேஸில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,400 குழந்தைகளை அளந்தது. தாய்ப்பால் குடித்து, புகை பிடிக்காத தாயால் வளர்க்கப்பட்டு, வறுமையின் இடையூறு இல்லாத குழந்தைகளையே அது தேர்ந்தெடுத்தது. தெற்கு டில்லியின் குழந்தையும், ஒஸ்லோவின் குழந்தையும், அக்ராவின் குழந்தையும் முதல் ஐந்து வயதில் அநேகமாக ஒரே விதமாக வளர்ந்தார்கள். நீளத்தில் கண்ட மொத்த வேறுபாட்டில் தேசத்துக்குத் தேசம் உள்ளது நூற்றுக்கு 3 பங்கே. ஒரே தேசத்துக் குழந்தைகளுக்குள் ஆளுக்காள் உள்ளதோ 70 பங்கு. 2006-இல் வெளியான அந்த அளவுகோலையே இலங்கையும் ஏற்றுக்கொண்டது.

அந்த அளவுகோலால் அளந்தபோது, 2016-ஆம் ஆண்டின் தேசிய மதிப்பீட்டில், இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்களாகவும், 15 பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்களாகவும் காணப்பட்டார்கள். நகரப் பகுதிகளில் நூற்றுக்கு 15 அளவில் இருந்த உயரக் குறைவு, தேயிலைத் தோட்டங்களில் 32 அளவுக்கு ஏறியிருந்தது. தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்கும் கொழும்பில் பிறந்த பிள்ளைக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தை வம்சத்தின் பெயரால் விளக்க முற்படுவது விஞ்ஞானமும் அன்று, தர்மமும் அன்று.

உப்பு

புத்தளத்தின் பெயரை நாடெங்கும் பரப்பிய பொருள் உப்பு. வெய்யிலும் காற்றும் கடல்நீரை வற்றச்செய்து பாத்திகளில் விளைவிக்கும் அந்த வெண்பொருளுக்கும் பிள்ளையின் வளர்ச்சிக்கும் உள்ள சம்பந்தம், நம் விஷயத்தை மிகத் தெளிவாக விளக்கவல்லது. தைரொயிட் சுரப்பியின் ஹோர்மோன் உண்டாவதற்கு அயடீன் வேண்டும். அது குறைந்தால் கழுத்தில் கழலை தோன்றும். கர்ப்பத்திலேயே கடுமையாகக் குறைந்தால் சிசுவின் மூளையும் எலும்பும் ஒருங்கே வாடும். பெருமழை பெய்யும் தென்மேற்குப் பகுதி மண்ணில் அயடீன் கரைந்துபோய்விடுவதால், அங்கே கழலை நோய் நெடுங்காலம் மலிந்திருந்தது. கடலிலிருந்து விளைந்த உப்பாயினும் அதில் இயல்பாக உள்ள அயடீன் மிகச் சொற்பமே. எனவே 1995-இல் கொண்டுவரப்பட்ட ஒழுங்குவிதியின்படி, மனிதர் உண்ணும் உப்பில் அயடீனைச் சேர்ப்பது இலங்கையில் கட்டாயமாயிற்று. அவ்வாறு செறிவூட்டப்பட்ட உப்பு, உள்நாட்டு மலையடிவாரத்துத் தாயின் குழம்புச் சட்டியை அடைந்து, அவள் வயிற்றுச் சிசுவின் எலும்பையும் அறிவையும் காக்கிறது.

இதே ஹோர்மோன் இன்னொரு காரணத்தாலும் குறையலாம். சில ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்றாக, தைரொயிட் சுரப்பி சரிவர அமையாமலோ, ஹோர்மோனை ஆக்கும் மரபணு பழுதுற்றோ ஒரு சிசு பிறப்பதுண்டு. பிறந்தவுடன் குதிகாலில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தால் அதைக் கண்டுபிடித்து, முதல் வாரங்களிலேயே தினம் ஒரு மாத்திரையாக அந்த ஹோர்மோனைக் கொடுத்துவந்தால், அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்கிறது. ஆக, நல்ல மரபணுவோடு பிறந்த பிள்ளையை அயடீன் இல்லாத உணவு குறுக்கிவிடுகிறது. பழுதுற்ற மரபணுவோடு பிறந்த பிள்ளையை ஒரு சிறு மாத்திரை நிமிர்த்திவிடுகிறது. வம்சம் விதித்தது மாறாது என்போர் இந்த இரண்டையும் சேர்த்துச் சிந்திக்கவேண்டும்.

நீர்

கற்பிட்டித் தீபகற்பத்தின் மணலில் சில அடி தோண்டினால் நல்ல நீர் கிடைக்கும். ஆனால் அது கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீரே. அந்த மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் காய்கறியும் ஆண்டு முழுவதும் பயிராகின்றன; பயிருக்கு இடும் உரத்தில் ஒரு பகுதி, தடுத்து நிறுத்தக் களிமண் இல்லாத காரணத்தால், நீரோடு நீராய் இறங்கிக் கிணற்றை அடைகிறது. குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கற்பிட்டிக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதை 1980-கள் தொட்டு ஆராய்ச்சியாளர் பதிவுசெய்து வந்திருக்கிறார்கள். அந்த நீரில் கரைத்த பால்மாவைக் குடிக்கும் பச்சிளங் குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் அபாயம் உண்டு. முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் ஒன்றே கொடுப்பது இப்படிப்பட்ட மண்ணில் ஆகாரம் மட்டுமன்று, கவசமும் ஆகும். 2016-இன் மதிப்பீட்டின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள் என்பது நம் தாய்மாரின் பெருமை.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுள் மிகப் பலர், மன்னாரிலிருந்து வள்ளங்களில் கடல் கடந்தும் தரை வழியாக நடந்தும் இந்த மாவட்டத்தை அடைந்து, கிடுகுக் குடிசைகளில் ஆண்டுக்கணக்காகக் காலந்தள்ளினார்கள். வீட்டையும் வயலையும் நகையையும் விட்டுவந்த அந்த மக்களிடமிருந்து எவராலும் பறிக்க இயலாதிருந்தது அவர்கள் முன்னோரின் மரபணு ஒன்றே. எனினும் அவர்களுடைய பிள்ளைகள் குடித்த கிணறும், மலம் கழித்த இடமும், உண்ட சோறும் மாறிப்போயின. நெருக்கடியான குடியிருப்பில் மலக்கிருமிகள் மண்ணிலும் நீரிலும் கலக்கும்போது, வயிற்றுப்போக்கு வெளியே தெரியாத நாட்களிலும் சிசுவின் குடற்சுவர் ஓயாமல் புண்பட்டு, உண்ட உணவின் சத்து உடலில் சேராமல் போகிறது. 2007-இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டம் அந்தக் குடும்பங்களுக்கு நிலையான வீட்டையும் நீரையும் மலசலகூடத்தையும் தர முற்பட்டபோது, அது பிள்ளைகளின் எலும்புக்கும் செய்த உபகாரமாயிற்று.

காய்ச்சல் எழுதிய வரலாறு

வாழ்நிலம் ஒரு பிள்ளையை மட்டும் மாற்றுவதன்று. நெடுங்காலத்தில் வம்சத்தையே மாற்றவல்லது. 1934-இல் தென்மேல் பருவமழை பொய்த்து, சிலாபத்துக்கருகே கடலில் கலக்கும் தெதுறு ஓயாவும் அதன் அயலாறுகளும் குட்டை குட்டையாகத் தேங்கியபோது, நுளம்பு பெருகி, ஏழெட்டு மாதங்களில் ஏறத்தாழ 80,000 உயிர்களை மலேரியா கொண்டுசென்றது. 1935-இல் இலங்கையில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 பேர் ஒரு வயதைக் காணவில்லை. கர்ப்பிணியைப் பற்றும் மலேரியா, நச்சுக்கொடியின் வழியே சிசுவுக்குச் செல்லும் போஷாக்கைக் குறைத்து, எடை குறைந்த பிள்ளையைப் பிறப்பிக்கிறது.

எத்தனையோ தலைமுறைகளாக இந்தக் காய்ச்சலோடு வாழ்ந்த மக்களிடையே, அதைத் தாங்கவல்ல ஒருவகை இரத்த அமைப்பு நிலைபெற்றது. தலசீமியா என்னும் அந்தக் குறையை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர் சுகமாக வாழ்வார். மலேரியாவையும் ஓரளவு எதிர்ப்பார். இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளையோ, மாதந்தோறும் இரத்தம் ஏற்றாவிடில் வளரமாட்டாது. புத்தளத்தின் அயல் மாவட்டமான குருநாகலில் அந்தப் பிள்ளைகளுக்கென்று தேசிய சிகிச்சை நிலையம் அமைந்திருப்பது தற்செயல் அன்று. 2016-இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது; ஆனால் அந்த நுளம்பு நம் சந்ததியின் இரத்தத்தில் எழுதிவிட்டுப்போன எழுத்து இன்னும் அழியவில்லை. விவாகத்துக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியமாவதும் இதனாலேயே.

தாயின் பால்யம்

வம்சம் போலத் தோன்றி, உண்மையில் வம்சம் அல்லாத ஒன்றும் இருக்கிறது. 1938-இல் கேம்பிரிட்ஜில் வால்டன், ஹமண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள், மிகப் பெரிய ஷயர் சாதிக் குதிரைகளையும் மிகச் சிறிய ஷெட்லண்ட் மட்டக் குதிரைகளையும் இருவிதமாகவும் கலந்து குட்டி ஈனச் செய்தார்கள். தந்தை பெரிது, தாய் சிறிது என்ற கலப்பிலும், தாய் பெரிது, தந்தை சிறிது என்ற கலப்பிலும் குட்டிகள் பெற்ற மரபணுப் பங்கு ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் பெரிய தாயின் குட்டிகள் பிறக்கும்போதே மிகப் பெரியவையாகவும், சிறிய தாயின் குட்டிகள் சிறியவையாகவும் இருந்தன. சிசுவின் அளவைத் தாயின் கருப்பை கட்டுப்படுத்துகிறது என்பது இதனால் விளங்கிற்று.

மனிதரிடத்தில் இதன் பொருள் ஆழமானது. பால்யத்தில் போதிய ஆகாரமின்றி வளர்ந்த பெண் குட்டையாக நின்றுவிடுகிறாள்; அவள் தாயாகும்போது அவள் பிள்ளை எடை குறைந்து பிறக்கிறது; அந்தப் பிள்ளை பெண்ணாயின் அதே கதை மீண்டும் தொடங்குகிறது. மூன்று தலைமுறை கழித்துப் பார்ப்பவர்களுக்கு அது குலத்தின் சுபாவமாகவே காட்சியளிக்கும். ‘எங்கள் வம்சமே இப்படித்தான்’ என்று சொல்லப்படுவதில் எவ்வளவு பங்கு மரபணு, எவ்வளவு பங்கு பாட்டியின் பசி என்பதை வெறுங்கண்ணால் எவரும் பிரித்துக் கூற இயலாது. அப்படி எடை குறைந்து பிறந்த பிள்ளையைப் பின்னர் சீனியாலும் எண்ணெயாலும் கொழுக்க வைப்பதும் பரிகாரமன்று. இந்தியாவின் புனே நகரத்தருகே யாஜ்னிக் என்னும் மருத்துவரின் குழுவினர் செய்த ஆராய்ச்சியில், அங்கே பிறந்த சிசுக்கள் சராசரி 2.7 கிலோகிராமே இருந்தபோதிலும், தசை குறைந்தும் கொழுப்பு ஒப்பளவில் மிகுந்தும் காணப்பட்டன. அத்தகைய உடல் பின்னாளில் நீரிழிவுக்கு எளிதில் இரையாகிறது. வேண்டியது பருமன் அன்று. காலத்தில் கிடைக்கும் சத்து.

அந்தக் காலம் மிகக் குறுகியது. சுமார் 50 சென்றிமீற்றர் நீளத்தோடு பிறக்கும் சிசு முதல் வருஷத்தில் 25 சென்றிமீற்றரும், இரண்டாம் வருஷத்தில் 12 சென்றிமீற்றரும் வளர்கிறது. அந்த வேகம் அதன்பின் வாழ்நாளில் திரும்புவதில்லை. கர்ப்பம் தரித்த நாள் முதல் இரண்டாம் பிறந்தநாள் வரையான ஆயிரம் நாட்களில் இழந்ததைப் பின்னர் முழுவதும் ஈடுசெய்வது அரிது.

நம் கடன்

தென்மேல் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறிவிட, மீனவர் வீட்டில் வருமானம் வற்றிவிடுகிறது. நல்ல மீன் கிடைக்கும் மாதங்களிலோ அது கொழும்புக்குப் போய்விடுகிறது. முள்ளோடு மென்று தின்னத்தக்க நெத்தலியும் சாளையும் புரதத்தையும் கல்சியத்தையும் ஒருங்கே தருபவை. அவற்றை விற்பதற்கு முன் கர்ப்பிணிக்கும், குழைசோறு உண்ணத் தொடங்கிய பிள்ளைக்கும் ஒரு பங்கு எடுத்துவைக்கும் வழக்கம் ஒவ்வொரு வாடியிலும் வேரூன்ற வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் சத்துமா வழங்குவதற்காக 1973-இல் ஆரம்பித்த திரிபோஷத் திட்டம், 2022-இன் பொருளாதார நெருக்கடியில் மூலப்பொருள் கிடைக்காமல் தடைப்பட்டது. அந்த மாதங்களில் ஆயிரம் நாள் வயதுக்குள் இருந்த பிள்ளைகளுக்கு அக்காலம் மீண்டும் வராது. எந்த நெருக்கடியிலும் முதலில் காக்கப்படவேண்டியது இந்தச் செலவே. குழாய்நீரும், உரத்தை அளவறிந்து இடும் விவசாயமும், பெண் பிள்ளைக்கு ஆண் பிள்ளையோடு ஒத்த உணவும் பிள்ளை வளர்ச்சித் திட்டங்களே என்பதை ஆட்சியாளர் உணரவேண்டும்.

பதிவேட்டில் புள்ளி கீழே விழுந்தால், முதலில் உணவையும் நீரையும் நோயையும் விசாரிப்போம்; பெற்றோரின் உயரத்தையும் அளந்துகொள்வோம்; அதன்பின்னும் விளங்காவிடில் தைரொயிட்டையும் இரத்தத்தையும் பரிசோதிப்போம். ஆரோக்கியமாக இருந்தும் பெற்றோரைப் போலக் குட்டையாக வளரும் பிள்ளையைக் குறையுள்ளதென்று எவரும் வருத்தவேண்டியதில்லை. அது குறையன்று, மனித குலத்தின் பலவண்ணம். ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்லும் அருகதை, வாழ்நிலத்தின் கடன் முழுவதையும் தீர்த்துவிட்ட சமுதாயத்துக்கே உண்டு. அதுவரையில் கோட்டுக்குக் கீழே விழும் ஒவ்வொரு புள்ளியும் நம் பொறுப்பு. அதை வம்சத்தின் தலையில் சுமத்த நமக்கு அதிகாரமில்லை.